இலங்கைக் கல்லுக்குள்ள கிடந்த ஈயம்

சம்மாந்துறைப் பிள்ளைகளான எங்களுக்கு ஒவ்வொரு நாளும் ஒரு வேடிக்கை நடக்கும். தென்கிழக்குப் பல்கலைக்கழகத்தின் பிரயோக விஞ்ஞான பீடம் எங்கட ஊருக்குள்ளதான் இருக்கு. கலை கலாசார பீடம் ஒலுவிலில். அதனால விஞ்ஞானம் படிக்க வெளியூர்ப் பிள்ளைகள் எங்கட ஊருக்கு வருவாங்க. கலை படிக்கிற நாங்க காலையில பஸ் ஏறி, காரைதீவுச் சந்தியில திரும்பி, நிந்தவூரைக் கடந்து ஒலுவிலுக்குப் போவம். எதிர்ப்பக்கம் வாற பஸ்ஸுல அவங்க. பல்கலைக்கழகம் ஒன்றுதான். ஆனா அவங்க என்ன படிக்கிறாங்க என்று நாங்க கேட்டதுமில்ல, நாங்க என்ன படிக்கிறம் என்று அவங்க கேட்டதுமில்ல.

இந்தப் பிரிவு பல்கலைக்கழகத்தில தொடங்கினதில்ல. சாதாரண தரப் பெறுபேறு வந்த அன்றைக்கே தொடங்கிட்டு. கணிதத்துக்கு என்ன, விஞ்ஞானத்துக்கு என்ன என்று பார்த்துப்போட்டு, "நீ கலைக்குப் போ" என்று யாராவது ஒருத்தர் சொல்லுவார். அதோட அணு, அலை, கரு எல்லாம் "எங்கட பாடமில்ல" என்றாகிடும். எங்களில பல பேருக்கு அப்படித்தான் ஆச்சு.

சில மாதங்களுக்கு முன்னால எங்கட வாசிப்பு வட்டத்தில ஆனந்த குமாரசுவாமியைப் பற்றிக் கதைச்சம். கீழைத்தேயக் கலை வரலாறு என்றால் அவர் பெயர் வராமல் இருக்காது. அன்றைக்கு எங்கட கூட்டாளி ஒருத்தன், பௌதிகவியல் படிக்கிறவன், சும்மா வந்து இருந்தான். இடையில கேட்டான்: "அது கல்லுப் பார்த்த குமாரசுவாமி தானே மச்சான்?" நாங்க சிரிச்சம். பிறகு தேடிப் பார்த்தா அவன் சொன்னது முழுக்கச் சரி. சப்ரகமுவையில கிடந்த கல் ஒன்று லண்டனுக்குப் போய், அங்கிருந்து அணுக்கருவின் அதிர்வு வரைக்கும் போயிருக்கு. அந்தக் கல்லின் வரலாற்றைத்தான் இங்க எழுதுறம்.

பெற்றோமக்ஸ் காலத்துத் தேவை

முதல்ல பெற்றோமக்ஸில இருந்து தொடங்குவம். கரண்ட் வராத காலத்தில கல்யாண வீட்டுக்குப் பெற்றோமக்ஸ் வாடகைக்கு எடுத்த கதையை எங்கட மூத்தம்மாமார் சொல்லுவாங்க. அதுக்குள்ள ஒரு சின்ன வெள்ளைத் துணிப் பை கட்டுவாங்க, மென்டில் என்று. முதல் தரம் பத்த வைச்சதும் துணி எரிஞ்சு போகும். மிஞ்சுற சாம்பல் கூடுதான் அந்தக் கண்ணைக் கூசுற வெளிச்சத்தைத் தரும். அந்தக் கூட்டில பெரும் பங்கு தோரியம் ஒட்சைட்டு. கூடவே கொஞ்சம் சீரியம்.

1900களின் தொடக்கத்தில ஐரோப்பாவின் தெருக்களும் வீடுகளும் எரிவாயு விளக்கில இந்த மென்டிலைப் போட்டுத்தான் வெளிச்சம் எடுத்தன. ஆகவே தோரியம் காசு பெறுமதியான பொருள். பிரித்தானியப் பேரரசு தன்னுடைய குடியேற்ற நாடுகளில் என்னென்ன கனியம் கிடக்கு என்று கணக்கெடுத்துக்கொண்டிருந்த காலமும் அதுதான். இலங்கைக் கனிய அளவையின் பணிப்பாளராக 1903 முதல் 1906 வரை இருந்தவர் ஆனந்த குமாரசுவாமி. கொழும்பில 1877இல் பிறந்தவர். தகப்பன் சேர் முத்து குமாரசுவாமி, தாய் ஆங்கிலேயர். லண்டன் யுனிவர்சிட்டி கொலிஜில் புவிச்சரிதவியலும் தாவரவியலும் படிச்சவர். கலையைப் பற்றி எழுதி உலகப் பெயர் எடுத்தது அதுக்குப் பிறகு.

1904இல் சப்ரகமுவையின் மாணிக்கக் கல் தோண்டுற சரளைக்குள்ள, கறுப்பு நிறத்தில, கனசதுர வடிவில, கைக்குப் பாரமான சிறு பளிங்குகள் கிடைச்சன. முதலில் அது யுரேனினைட்டு என்றுதான் எண்ணப்பட்டது. லண்டன் இம்பீரியல் இன்ஸ்டிடியூட்டில வின்டம் டன்ஸ்டன் பகுப்பாய்வு செய்து பார்த்தபோது, அதில பெரும்பங்கு தோரியம் ஒட்சைட்டு என்று தெரிஞ்சுது. புதுக் கனியம். பெயர் தோரியனைட்டு.

அந்தக் கல் ஐரோப்பிய ஆய்வுகூடங்களுக்குப் போன வேகத்தைப் பாருங்க. 1904 கடைசியில ஒட்டோ ஹான் என்ற இளம் ஜெர்மன் இரசாயனவியலாளர் லண்டனில வில்லியம் ராம்சேயிடம் வந்து சேருறார். ராம்சே அவருக்குக் கொடுத்த வேலை, இலங்கைத் தோரியனைட்டில இருந்து எடுத்த உப்பில ரேடியத்தைப் பிரிக்கிறது. ஹான் ரேடியத்தைத் தேடப் போய், 1905இல் வேற ஒன்றைக் கண்டுபிடிச்சார். அதுக்கு ரேடியோதோரியம் என்று பெயர் வைச்சார். 1938இல் ஸ்ட்ராஸ்மனோட சேர்ந்து யுரேனியக் கரு பிளவுபடுறதைக் கண்டவரும் இதே ஹான்தான். கதிர்த்தொழிற்பாட்டு உலகத்துக்குள்ள அவர் எடுத்து வைச்ச முதல் அடி இலங்கைக் கல்லில வைச்ச அடி.

80 கிராம்

தோரியனைட்டோட இன்னொரு கல்லும் இங்கிருந்து போனது. அது தோரைட்டு. தோரியனைட்டு ஒட்சைட்டு; தோரைட்டு சிலிக்கேற்று. இரண்டிலும் தோரியம் இருக்கு. இந்த இரண்டாவது கல்தான் எங்கட கதையின் நடுப்பகுதி.

பிரெடெரிக் சொடி 1913இல் ஒரு கருத்தைச் சொன்னார்: ஒரே மூலகம், ஒரே இரசாயனக் குணம், ஆனா அணுவின் பாரம் வேற வேறயா இருக்கலாம். இதைத்தான் நாங்க பத்தாம் ஆண்டுப் புத்தகத்தில சமதானி என்று பாடமாக்கினம். அன்றைக்கு அது பாடமாக்குற விசயமில்ல, நிரூபிக்க வேண்டிய விசயம். ஒரு மூலகத்துக்கு ஒரு அணுநிறை என்பதில்தான் நூறு வருச இரசாயனவியல் நின்றுகொண்டிருந்தது.

சொடியின் கணக்கு லேசானது. தோரியத்தின் அணுநிறை 232. அது படிப்படியா உடைஞ்சு ஆறு அல்பாத் துணிக்கைகளை வெளியில விடுது. ஒரு அல்பாவின் நிறை 4. ஆறு நாலு இருபத்திநாலு. 232இல் 24 போனால் 208. மிஞ்சுறது ஈயம். ஆனா கடையில வாங்குற ஈயத்தின் அணுநிறை 207.2. அப்ப தோரியத்துக்குள்ள பிறந்த ஈயம் சாதாரண ஈயத்தை விடக் கொஞ்சம் பாரமா இருக்க வேணும்.

இதைச் சோதிக்க தோரியம் நிறையவும் யுரேனியம் கொஞ்சமாவும் உள்ள ஒரு கல் தேவை. யுரேனியத்தில இருந்து பிறக்கிற ஈயம் லேசானது, அது கலந்தால் கணக்குக் குழம்பும். இலங்கைத் தோரைட்டு இதுக்குச் சரியாப் பொருந்தினது. 1914இல் ஹைமன் என்பவரோட சேர்ந்து சொடி முதல் முடிவை வெளியிட்டார். பிறகு அதே கல்லில இருந்து 80 கிராம் ஈயத்தைப் பிரிச்சு எடுத்து, 1915இல் அதன் அடர்த்தியை அளந்தார். சாதாரண ஈயத்தை விட 0.26 வீதம் கூட.

இந்த 0.26ஐ நீங்களும் கைத்தொலைபேசியில கணக்குப் பார்க்கலாம். சமதானிகளின் அணு ஒரே பருமன், பாரம்தான் வேற. ஆகவே அடர்த்தி எவ்வளவு கூடுதோ, அணுநிறையும் அவ்வளவு கூட வேணும். 207.2ஐ 0.26 வீதத்தால கூட்டினால் 207.74 வரும். வியன்னாவில் ஹொனிக்ஷ்மிட் தனியா அளந்தபோது 207.77 வந்தது. மறுபக்கம் ஹாவர்டில ரிச்சர்ட்ஸ், யுரேனியக் கனியங்களில இருந்து எடுத்த ஈயம் சாதாரண ஈயத்தை விட லேசு என்று காட்டினார். எந்தக் கல்லில பிறந்தது என்பதைப் பொறுத்து ஈயத்தின் பாரம் மாறுது. சொடிக்கு 1921ஆம் ஆண்டுக்கான இரசாயனவியல் நோபல் பரிசு கிடைச்சுது.

சொடியின் அந்தக் கட்டுரைகளின் தலைப்பிலேயே "இலங்கைத் தோரைட்டு" என்று இருக்கு. எங்கட நாட்டின் பெயர் அதில இருக்கு. அந்தச் சரளைக்குள்ள முழங்கால் தண்ணியில நின்று கல்லை அரிச்சு எடுத்த ஆட்களின் பெயர் தலைப்பில இல்ல. அது அந்தக் காலத்து வழக்கம் என்று விட்டுடலாம். ஆனா வரலாறு படிக்கிற எங்களுக்கு அந்த இடைவெளி கண்ணில படாமல் போகாது.

மூடின சஹன்

இனி 208 என்ற அந்த எண்ணுக்கு வருவம். சொடி அதைத் தொட்டபோது அது வெறும் பாரம். அதுக்குள்ள என்ன ஒழுங்கு இருக்கு என்று அப்ப யாருக்கும் தெரியாது. நியூத்திரனே 1932இல்தான் கண்டுபிடிக்கப்பட்டது. ஈயம் 208இன் கருவுக்குள்ள 82 புரோத்தனும் 126 நியூத்திரனும் இருக்கு.

2, 8, 20, 28, 50, 82, 126. புரோத்தனோ நியூத்திரனோ இந்த எண்ணிக்கையில இருந்தால் அந்தக் கரு வழக்கத்தை விட உறுதியா இருக்கும். இதுகளுக்கு "மாய எண்கள்" என்று பெயர் வந்தது. ஏன் இந்த எண்கள் என்ற கேள்விக்கு 1949இல் விடை சொன்னவங்க இரண்டு தரப்பு. அமெரிக்காவில் மரியா கேப்பர்ட் மேயர். ஜெர்மனியில் யென்சனும் அவரின் கூட்டாளிகளும். அவங்க சொன்ன விடைதான் ஓட்டு மாதிரியுரு.

ஓடு என்றால் என்ன என்று எங்கட கூட்டாளி விளங்கப்படுத்தினது கல்யாணச் சாப்பாட்டை வைச்சு. ஒரு சஹனுக்கு ஆறு பேர். ஆறு பேரும் சுத்தி இருந்துட்டா அந்தச் சஹன் மூடிட்டு. சாப்பிட்டு முடியுமட்டும் அதில இருந்து ஒருத்தரை எழுப்புறது கஷ்டம். ஏழாவது ஆள் வந்தால் புதுச் சஹன். அதில அவர் தனிய இருப்பார், யார் கூப்பிட்டாலும் எழும்பி அடுத்த இடத்துக்குப் போவார். ஆண்களுக்கு ஒரு பந்தி, பெண்களுக்கு ஒரு பந்தி மாதிரி, புரோத்தனுக்கு வேற ஓடுகள், நியூத்திரனுக்கு வேற ஓடுகள். கருவுக்குள்ள ஒவ்வொரு ஓட்டிலும் இடங்களின் எண்ணிக்கை மாறும், அது மட்டும்தான் வித்தியாசம். ஈயம் 208இல் இரண்டு பந்தியிலும் கடைசிச் சஹன் வரைக்கும் நிறைஞ்சிருக்கு. நிலையான கருக்களில் ஆகப் பாரமானதும் இதுதான்.

நிறைஞ்சிருக்கு என்பதை எப்படி அறியிறது? கருவை அதன் அடிமட்டத்தில இருந்து முதல் மட்டத்துக்கு எழுப்ப எவ்வளவு சக்தி தேவை என்று அளக்கலாம். ஈயம் 206க்கு 0.80 மில்லியன் இலத்திரன்வோல்ட் போதும். இரண்டு நியூத்திரன் கூடின ஈயம் 208க்கு 2.61 வேணும். மூணு மடங்குக்கும் மேல.

மரியா மேயரைப் பற்றி இன்னொன்றும் சொல்ல வேணும். 1930இல் கணவரோட அமெரிக்காவுக்குப் போன அவர், பல வருசம் பல்கலைக்கழகங்களில் சம்பளமில்லாமலும் அரைகுறைப் பதவியிலும்தான் வேலை செய்தார். முழுநேரச் சம்பளத்தோட பேராசிரியர் பதவி 1960இல்தான் கிடைச்சுது. மூணு வருசத்தில நோபல் பரிசு. பௌதிகவியலில் மேரி கியூரிக்குப் பிறகு அந்தப் பரிசை வாங்கின இரண்டாவது பெண். "இது உனக்குரிய இடமில்ல" என்ற வசனம் எங்கட ஊரில மட்டும் சொல்லப்படுறதில்ல.

பரிவு

உயர்தரப் பௌதிகவியல் புத்தகத்தில ஒரு சொல் இருக்கு: பரிவு. எங்களுக்கு அது இரக்கம். அவங்களுக்கு அது அதிர்வு. ஊஞ்சலுக்கு அதன் சொந்த வேகம் ஒன்று இருக்கு. அந்த வேகத்துக்கு ஒத்துச் சின்னதாத் தள்ளினாலும் ஊஞ்சல் உயரப் போகும். ஒவ்வாமல் எவ்வளவு தள்ளினாலும் போகாது. ஒன்றின் அசைவுக்கு இன்னொன்று இசைஞ்சு அசையிறதுக்குப் பரிவு என்று பெயர் வைச்ச மொழிபெயர்ப்பாளரை நாங்க மனசார மெச்சினம்.

அணுக்கருவுக்கும் இந்தப் பரிவு இருக்கு. 1947இல் நியூயோர்க் மாநிலத்தின் ஸ்கெனெக்டடியில், ஜெனரல் இலக்ட்ரிக் ஆய்வுகூடத்தில, போல்ட்வினும் குளைபரும் உயர்சக்தி எக்ஸ் கதிர்களை யுரேனியத்திலும் தோரியத்திலும் விழுத்திப் பார்த்தாங்க. கதிரின் சக்தியைக் கூட்டிக்கொண்டு போகப் போக, ஒரு குறிப்பிட்ட இடத்தில கரு அதை அள்ளி எடுத்தது. அதைத் தாண்டினால் திரும்பவும் குறைஞ்சது. வரைபில போட்டால் ஒரு மலை. அடுத்த வருசம் கோல்ட்ஹேபரும் டெல்லரும் விளக்கம் சொன்னாங்க: கருவுக்குள்ள எல்லாப் புரோத்தனும் ஒன்றாச் சேர்ந்து ஒரு பக்கமும், எல்லா நியூத்திரனும் எதிர்ப்பக்கமுமா அசையுது. ஒரு துணிக்கை இரண்டு துணிக்கை இல்ல, முழுக் கருவும். அதனால இதுக்குப் பேர் இராட்சதப் பரிவு.

இங்கதான் மூடின ஓட்டுக் கருவின் தேவை வருது. ஓடு மூடாத பல கருக்கள் உருண்டையா இருக்காது. முட்டை மாதிரி நீளும். நீளப்பாட்டுக்கு அசையிறதுக்கு ஒரு சக்தி, குறுக்கால அசையிறதுக்கு இன்னொரு சக்தி. வரைபில ஒரு மலைக்குப் பதிலா இரண்டு மலை வந்து ஒன்றில ஒன்று ஏறி நிற்கும். ஈயம் 208 மாதிரிக் கரு உருண்டை. அதில மலை ஒன்றுதான், 13.5 மில்லியன் இலத்திரன்வோல்ட் அளவில, துப்புரவா. எந்த அதிர்வு எதால வருது என்று பிரிச்சுப் பார்க்க விரும்பின பரிசோதனைக்காரர் எல்லாரும் திரும்பத் திரும்ப இந்தக் கருவைத்தான் எடுத்தாங்க.

பிறகு வேற அசைவுகளும் தெரியவந்தன. 1970களின் தொடக்கத்தில, கரு ஒரு பக்கம் நசிஞ்சு மறுபக்கம் நீளுற அசைவு. 1977இல், கரு முழுவதும் மூச்சு விடுற மாதிரி விரிஞ்சு சுருங்குற அசைவு. இந்தக் கடைசியைக் கண்டுபிடிக்கிறதுதான் ஆகக் கஷ்டம். நெதர்லாந்தின் குரோனிங்கனில முஹ்சின் ஹரகேயும் கூட்டாளிகளும், டெக்சாஸில யங்பிளட்டின் குழுவும் அல்பாத் துணிக்கைகளை ஈயத்தில மோத விட்டாங்க. மூச்சு விடுற அசைவின் அடையாளம், கற்றை போற நேர்த்திசைக்குக் கிட்டத்தான் தெளிவாத் தெரியும். அந்தத் திசையிலதான் மோதாத அல்பாக்களும் கொட்டுது. இரவு வீதியில எதிரே வாற லொறியின் ஹெட்லைட்டைப் பார்த்துக்கொண்டு, அதுக்குப் பக்கத்தில வாற சைக்கிள் லைட்டைத் தேடுற வேலை. கண்டுபிடிச்சாங்க, ஏறத்தாழ 14 மில்லியன் இலத்திரன்வோல்ட்டில.

அல்பா என்றால் ஹீலியத்தின் கரு. அதுவும் மூடின ஓடுதான்: 2 புரோத்தன், 2 நியூத்திரன். எங்கட தோரியக் கல் ஈயமா மாறும்போது ஆறு தரம் வெளியில எறிஞ்ச அதே துணிக்கை. அதை எடுத்துத்தான் திரும்ப ஈயத்தில எறிஞ்சு பார்த்தாங்க.

இதால யாருக்கு என்ன என்று கேட்கலாம். கரு மூச்சு விடுற வேகத்தை அறிஞ்சால், கருப் பொருளை நசுக்குறது எவ்வளவு கஷ்டம் என்று கணக்கிடலாம். சூரியனை விடப் பாரமான ஒரு நியூத்திரன் விண்மீன் ஒரு நகரத்தின் அளவுக்குள்ள எப்படி நிற்குது என்ற கேள்விக்கு இந்த எண் தேவை. கேள்வி இன்னும் முடியவுமில்ல. வெள்ளீயத்துக்கு 50 புரோத்தன், அதுவும் மாய எண். உமேஷ் கார்க் என்ற இந்திய வம்சாவளிப் பௌதிகவியலாளரின் குழு ஜப்பானின் ஒசாக்காவில வெள்ளீயச் சமதானிகளை வரிசையா அளந்து 2007இல் வெளியிட்டது. ஈயத்தை வைச்சுப் போட்ட கணக்கை விட வெள்ளீயம் மெதுமையா இருந்தது. ஏன் என்று இன்றும் விவாதிக்கிறாங்க.

எங்கட மண்ணில

இந்த மாதிரிப் பரிசோதனைக்கான ஆர்முடுக்கி இலங்கையில இல்ல. அக்கரையில மும்பையிலும் கொல்கத்தாவிலும் இருக்கு. அங்க இராட்சதப் பரிவை ஆராயுற குழுக்களும் இருக்கு. கல் போன இடமெல்லாம் அறிவு வளர்ந்தது. கல் கிடந்த இடத்துக்கு அது பரீட்சை வினாவாத் திரும்பி வந்தது. இதை எழுதும்போது எங்களுக்குக் கொஞ்சம் கோபம் வந்தது உண்மை.

ஆனா கோபத்தில இரண்டு பிழை விடக்கூடாது. ஒன்று, கல் எங்கட என்பதால கண்டுபிடிப்பும் எங்கட என்று சொல்றது. அளந்தவன் சொடி, ஒழுங்கைக் கண்டவள் மேயர். கல் தானாக் கதைக்காது. இரண்டாவது, ஆர்முடுக்கி இல்லாததால எங்களுக்கு இதில வேலையே இல்ல என்று நினைக்கிறது.

எங்கட கூட்டாளி கடைசியாச் சொன்ன விசயம் இது. தோரியம் ஈயமா மாறுற பாதையில தல்லியம் 208 என்று ஒரு கட்டம் வரும். அது உடைஞ்சு ஈயம் 208 ஆகும்போது, பிறக்கிற ஈயம் அமைதியாப் பிறக்கிறதில்ல. மேல் மட்டங்களில பிறந்து, முதல் மட்டத்துக்கு இறங்கி அதிருது, ஒரு பக்கம் பருத்து மறுபக்கம் மெலிஞ்ச கொய்யாப்பழ வடிவில. அந்த அதிர்வு அடங்கும்போது 2.61 மில்லியன் இலத்திரன்வோல்ட் காமாக் கதிர் ஒன்று வெளிய வரும். இராட்சதப் பரிவுகளோட பார்த்தால் இது சின்ன அதிர்வுதான். ஆனா இதுவும் முழுக் கருவின் அதிர்வு, அதே மூடின ஓட்டுக் கருவின் அதிர்வு. இதுக்கு ஆர்முடுக்கி வேண்டாம். தோரியம் இருந்தால் போதும்.

தோரியம் புல்மோட்டைக் கறுப்பு மண்ணின் மொனசைற்றில இருக்கு. அரச நிறுவனம் ஒன்று அந்த மண்ணை அள்ளுது. அவ்வளவு தூரம் போகவும் தேவையில்ல. சாதாரண மண்ணிலும் செங்கல்லிலும் ஆபத்தில்லாத சிறு அளவில அது இருக்கு. விமானத்தில பறந்து தோரியம் தேடுற புவிச்சரிதவியலாளர் பிடிக்கிறதும் இந்த 2.61ஐத்தான். ஒரு காமா உணரியை மண் நிரப்பின பாத்திரத்துக்குப் பக்கத்தில வைச்சுப் பொறுமையா இருந்தால், வரைபின் வலக்கோடியில ஒரு சின்ன மேடு எழும்பும். எங்கட வளவு மண்ணிலயும் எழும்பும்.

சொடி அளந்ததும் இந்த ஈயத்தைத்தான், மேயர் விளக்கினதும் இதைத்தான், குரோனிங்கனில அல்பாவால அடிச்சதும் இதைத்தான். அது எங்கட வாசல் மண்ணுக்குள்ள இந்த நேரமும் பிறந்துகொண்டிருக்கு. அதைப் பார்க்க ஒரு கருவியும், கேட்க ஒரு கேள்வியும்தான் தேவை. கருவி எதிர் பஸ்ஸுல போறவங்களின் பக்கம். கேள்வி எந்தப் பீடத்துக்கும் சொந்தமில்ல.

குமாரசுவாமி கல்லையும் பார்த்தார், சிற்பத்தையும் பார்த்தார். அவரை நாங்க பாதிதான் படிச்சிருக்கிறம். எங்கட கூட்டாளி மற்றப் பாதியை மட்டும் கேள்விப்பட்டிருந்தான். அடுத்த வாசிப்பு வட்டத்துக்கு அவனை அழைச்சிருக்கிறம், இந்த முறை சும்மா வந்து இருக்கிறதுக்கில்ல. அவன் ஒரு போத்தல் மண்ணைப் பற்றிக் கதைப்பான். நாங்க அந்த மண் போன பாதையைப் பற்றிக் கதைப்பம். கலையோ விஞ்ஞானமோ, நீங்களும் வாங்க. வரக்குள்ள மற்றப் பக்கத்தில படிக்கிற ஒருத்தரையும் கூட்டிக்கொண்டு வாங்க.